சுமக்க ஒருத்தி, அடிக்க ஒருத்தி

என் கை சும்மா இருக்காது. நம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த யாரும் அதை மறந்திருக்க மாட்டீர்கள். டெஸ்க், டிபன் பெட்டி, ஜாமெட்ரி பாக்ஸ், முன்னால் இருப்பவளின் முதுகு, எது கிடைத்தாலும் விரல் தட்டிக்கொண்டே இருக்கும். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்திலும் பக்கத்து மேசைக்காரர் அவ்வப்போது "மேடம், கொஞ்சம்..." என்று இழுப்பார். நிறுத்திக்கொள்வேன். உடனே மேசைக்கு அடியில் கால் ஆரம்பித்துவிடும்.

இந்தக் கைக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மாவைப் பொறுத்தவரை அது வயிற்றுப் பூச்சி. வேப்பங்கொழுந்தை அரைத்து உருண்டை பிடித்து வாயில் திணிப்பார். அப்பா அதை ஒப்புக்கொள்ள மாட்டார். "ஆட்டுக்குப் பின்னால நடக்க வேண்டிய பிள்ளைய உக்கார வச்சுப் படிக்க வச்சா இப்படித்தான். காலு நடக்காட்டி கை நடக்கும்" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான்தான் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியாது. ஆடு மேய்த்தவர். பிறகு மழையை நம்பிக் கொஞ்சம் பருத்தியும் உளுந்தும் போட்டவர். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்தார். அவர் விரல்கள் என் விரல்களைவிட வேகம். அதை யாரும் பூச்சி என்று சொன்னதில்லை.

நாம் எட்டாம் வகுப்பில் இருந்தபோதுதான் அந்த பேண்டு செட் வந்தது. கோவில்பட்டியில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் புது செட் வாங்கிக்கொண்டு பழையதை நமக்குத் தள்ளிவிட்டது. லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது ஞாபகம் இருக்கிறதா? ரசகற்பூர உருண்டை வாசமும் எலி மூத்திர வாசமும் சேர்ந்து ஒரு வாசம். சின்ன டிரம்கள், விளிம்பு பல் பல்லாகத் தேய்ந்துபோன ஒரு ஜோடி ஜால்ரா, வாய் இல்லாத ஒரு பியூகிள். எல்லாவற்றுக்கும் மேலே, கட்டில் அகலத்துக்கு ஒரு பெரிய டிரம். ஒரு பக்கத் தோலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. தோளில் மாட்டும் பெல்ட்டை எலி தின்றிருந்தது. அதை வைத்து அடிக்கும் ஸ்டாண்டு வரவே இல்லை.

"குடியரசு தினத்துக்குக் கோவில்பட்டி மைதானத்துல எல்லா ஸ்கூலும் மார்ச் பாஸ்ட் போவும். ஓரமா நின்னு வாசிக்கப் போறது நம்ம பிள்ளைய" என்று டிரில் டீச்சர் அறிவித்தபோது மதிய உணவு வரிசையே கலைந்துவிட்டது.

டிரில் டீச்சர் டவுன் பஸ்ஸில் வருவார். கழுத்தில் விசில், கையில் குடை. அவருக்கு எதையும் உயரத்தை வைத்துத்தான் முடிவு செய்யத் தெரியும். பிரேயரில் உயர வரிசை, கபடிக்கு உயரம், தண்ணீர் பிடிக்கப் போகவும் உயரம். ஆகவே பெரிய டிரம், கேள்வியே இல்லாமல், நெட்டச்சி கைக்குப் போனது. அவளை நாம் எல்லாரும் அப்படித்தானே கூப்பிட்டோம்? அவள் வீட்டிலும் அந்த உயரம் ஒரு நோய்போலத்தான் இருந்தது. "குனிஞ்சு நடட்டி, மாப்பிள்ள கெடைக்க மாட்டான்" என்று அவள் அம்மா தெருவில் வைத்தே சொல்வார். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம்.

டிரம்மைக் கொடிமேடையில் ஏற்றி வைத்தார்கள். நெட்டச்சிக்குக் கை எட்டியது. தாளம் எட்டவில்லை. தொடங்குவாள் நிதானமாக. நாலு அடி போவதற்குள் ஏதோ துரத்துவதுபோல வேகம் பிடிக்கும். டிரம் ஓடும், அதன் பின்னால் வரிசையும் ஓடும். கைகள் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ள நம் பிள்ளைகள் கொடிக்கம்பத்தைத் தாண்டி மடைவரை ஓடிப் போய் நின்றது எனக்கு இப்போதும் சிரிப்பாக வருகிறது.

"ஏட்டி, இது மார்ச் பாஸ்ட்டா, கடம்பூர் பஸ்ஸப் பிடிக்கப் போற ஓட்டமா?" என்று டீச்சர் விசிலைக் கையிலேயே அடித்துக்கொண்டார்.

நான் அப்போது வேடிக்கை பார்த்தபடி தண்ணீர்த் தொட்டியில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. அவர் திரும்பினார்.

"அந்தா ஒருத்தி கை சும்மா இருக்க மாட்டேங்குதே. அவளக் கூப்பிடு."

குச்சியைக் கையில் கொடுத்தார்கள். உருண்டைத் தலை, அதன்மேல் சுற்றிய கம்பளி. அடித்தேன். சத்தம் குறைச்சல்தான், ஆனால் வரிசை நடந்தது. திரும்பி வந்தது. மறுபடி நடந்தது. யாரும் ஓடவில்லை. வீட்டில் பூச்சி என்றும் ஆடு மேய்க்காத குறை என்றும் பெயர் வாங்கிய கை, முதல் முறையாக ஒரு வேலைக்கு ஆனது. அன்று நான் வீட்டுக்கு நடந்தேனா பறந்தேனா என்று தெரியாது.

நெட்டச்சியை நீக்கவில்லை, ஸ்டெப்னி ஆக்கினார்கள். அதாவது எனக்கு ஏதாவது ஆனால் அவள். "ஏ ஸ்டெப்னி, காத்து இருக்கா?" என்று பையன்கள் கேலி செய்தார்கள். அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள்.

டிரம் என் கைக்கு வந்துவிட்டது. என் உயரத்துக்கு அது நிற்கத்தான் இடமில்லை.

பெஞ்சில் வைத்தோம். உருண்டு விழுந்தது. இரண்டு பக்கமும் பருத்தி விதை மூட்டை கொடுத்து நிறுத்தினோம். நின்றது, ஆனால் தாழ்வு. நான் கூனிக்கொண்டு அடிக்க, வயிறு மடங்கி மூச்சு முட்டியது. டெஸ்க்கில் ஏற்றினோம். கை தூக்கி அடிக்க வேண்டியிருந்தது. பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் எங்கோ இருந்தது என் முழங்கை. அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து ஒரு மரப்பெட்டி கேட்டு வாங்கி வந்தார். ஒரு அடிக்கு அது ஒரு பக்கமாகப் பிளந்தது. மிதிவண்டி கேரியர், அடுப்படி முக்காலி, கவிழ்த்த உரல், எதன்மேல் டிரம்மை வைத்தால் சரியாக இருக்கும் என்று தெருவில் கண்ணில் பட்ட எல்லாவற்றின் பக்கத்திலும் போய் நின்று முழங்கையை மடக்கிப் பார்ப்பேன். கட்டிப்போட்ட எருமை பக்கத்திலும் நின்று பார்த்தேன். எருமை சரியான உயரம்.

உங்களுக்கு இது தெரிந்திருக்காது. பெரிய டிரம்மின் நடுவில் அடித்தால்தான் "தும்" என்று தரைக்குள் இறங்கும் சத்தம் வரும். விளிம்புப் பக்கம் பட்டால் தகர டப்பா. முழங்கை மடங்கி, முன்கை நேராகப் போய் நடுவில் விழ வேண்டும். கையைத் தூக்கினால் குச்சி வழுக்கி மேல் விளிம்புக்குத்தான் போகும். எட்டாம் வகுப்பில் இதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை மட்டும் தெரிந்து வைத்திருந்தது.

டீச்சர் கெடு வைத்தார். "பொங்கல் லீவு முடியுததுக்குள்ள சத்தம் வரணும். இல்லன்னா நெட்டச்சிதான். தாளம் போனாலும் சத்தமாவது கேக்கும்லா."

நான் அப்பாவிடம் போனேன். அப்பா ஆட்டுக் கயிறு ஒன்றை எடுத்து, என்னை வெறுங்காலோடு நிற்க வைத்து, பெருவிரலில் ஒரு நுனியை மிதிக்கச் சொல்லி, முழங்கைக்கு நேராக ஒரு முடிச்சுப் போட்டார். அளவு மிகச் சரி. கோவில்பட்டியில் வெல்டிங் பட்டறைக்குப் போகிறோம் என்றார். ரயில்வே ஸ்டேஷன் போகும் வழியில் இருந்த பட்டறை. நானும் கூடப் போனேன்.

பட்டறை அண்ணாச்சி கயிற்றை வாங்கி நீட்டிப் பார்த்தார். "டிரம்மு நடு இந்த முடிச்சுக்கு வரணும். அம்புட்டுத்தான? நாலு காலு, மேல அரை வட்டம். சாயந்தரம் வாங்க."

"ஒரு சாண் கூட்டி வையிங்க" என்றார் அப்பா.

"எதுக்கு?"

"வளருத பிள்ளைலா."

பட்டறை அண்ணாச்சி என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "பாவாடைன்னா டக்கு பிடிச்சு வச்சுப் பெறவு பிரிச்சு விடலாம். இரும்புல எங்கன டக்கு பிடிக்க?"

"அளவாச் செஞ்சா அடுத்த வருசம் குட்டையாப் போவும்."

"குட்டையாப் போனா அடில கல்லு வைக்கலாம் அண்ணாச்சி. உசரமாப் போனா என்ன செய்வீய?"

"உசரமாப் போனா என்ன? இவ வளந்துருவா."

"அப்பா, இப்பம் அடிக்கணும்ப்பா" என்றேன்.

"இப்பம் மட்டும் அடிச்சாப் போதுமா? நாளைக்கு அடிக்க வேண்டாமா?"

என்னிடம் இருந்த எதுவுமே எனக்கு அளவாக இருந்ததில்லை. பாவாடையில் நாலு டக்கு. சட்டைத் தோள் முழங்கைக்கு வரும். செருப்பு நுனியில் பஞ்சு அடைத்திருக்கும். எல்லாம் அடுத்த வருடத்து எனக்காக வாங்கியவை. அடுத்த வருடத்துக்குள் அது கிழிந்துவிடும், மறுபடி அதற்கு அடுத்த வருடத்துக்கு ஒன்று வாங்குவார்கள். நம் எல்லார் வீட்டிலும் அப்படித்தானே? பிள்ளைக்குச் செய்யும் எதிலும் ஒரு சாண் கூட வைப்பதுதான் பாசம். அப்பா அந்தப் பாசத்தை இரும்பில் வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தார்.

பஸ்ஸின் கூரையில் ஏற்றி வந்து இறக்கினோம். பச்சைப் பெயிண்ட் காயாமல் அப்பாவின் துண்டில் ஒட்டியிருந்தது. "நல்ல வெயிட்டு" என்று டீச்சர் தட்டிப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் வந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். அப்பா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே அன்றுதான் முதல் முறை. டிரம்மை ஏற்றி வைத்தார்கள். அதன் நடு என் தோளுக்கு நேராக வந்து நின்றது.

அடித்தேன். டங். டங்.

"தெம்பா அடிட்டி."

டங்.

"சத்து போதாது. முட்டை சாப்பிடச் சொல்லுங்க" என்றார் டீச்சர் அப்பாவிடம். அப்பா அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். அம்மா தினம் முட்டை அவித்தார், கேப்பைக் களி உருண்டையைப் பெரிதாக்கினார், சந்தேகத்துக்கு வேப்பங்கொழுந்தையும் விடவில்லை. ஸ்டாண்டு உயரம் என்று ஒரு பெரிய மனிதர்கூடச் சொல்லவில்லை. புதுப் பெயிண்ட் அடித்த பொருளில் குறை இருக்க முடியாது. இருந்தால் அது என் கையில்தான் இருக்க வேண்டும். "அறுத்துரலாம்ப்பா" என்று ஒருமுறை சொன்னேன். "புது இரும்ப அறுக்கவா? வெளங்கும்" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டே வகுப்புக்கும் கிணற்றுக்கும் நடந்தேன், அப்படியாவது பழகட்டும் என்று. தோள்பட்டை வீங்கியது.

அந்தக் கார்த்திகையில் நல்ல மழை. நம் பள்ளி மைதானம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கரிசல் நனைந்தால் காலை விடாது. செருப்பு அங்கேயே நிற்கும், நாம் மட்டும் நடந்து வருவோம். மழை விட்ட ஒரு மாலை பிராக்டிஸ் வைத்தார்கள். ஸ்டாண்டைக் கொடிக்கம்பத்துக்கு மேற்கே நிறுத்தி, டிரம்மை ஏற்றி, நான் வழக்கம்போலத் தகர டப்பா அடித்துக்கொண்டிருந்தேன். அடிக்க அடிக்க சத்தம் மாறியது. கொஞ்சம் கனத்தது. குனிந்து பார்த்தேன். நாலு காலும் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தன.

எல்லாரும் போகும்வரை காத்திருந்தேன். நெட்டச்சி மட்டும் டிரம் உறையை மடித்துக்கொண்டிருந்தாள்; ஸ்டெப்னிக்கு அதுதான் வேலை. "ஏட்டி, இங்கன வா. இந்தக் கம்பில ஏறி நில்லு" என்றேன். ஸ்டாண்டின் குறுக்குக் கம்பியில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஏறிக் குதித்தோம். ஊஞ்சல் ஆடுவதுபோல. ஒவ்வொரு குதிக்கும் மண் "சளக்" என்று விழுங்கியது. பாவாடையெல்லாம் சேறு. ஒரு சாண் இறங்கியதும் நிறுத்தினேன். முழங்கையை மடக்கிப் பார்த்தேன்.

அடித்தேன். தும்.

தூரத்தில் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கின. நெட்டச்சி தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "ஏ யம்மா, இங்கன வந்து விழுது" என்றாள்.

மறுநாள் டீச்சர் கேட்டுவிட்டு விசில் ஊத மறந்தார். பிறகு சொன்னார்: "முட்டை வேலை செய்யுது பாத்தியா!"

மார்கழியில் மழை நின்று மண் காய்ந்தது. காயும் கரிசல் எதைப் பிடித்திருக்கிறதோ அதைப் பல்லால் கடித்ததுபோல இறுக்கிக்கொள்ளும். ஸ்டாண்டு அங்கேயே முளைத்ததுபோல நின்றது. டிரம்மை மட்டும் கொண்டுவருவோம், அடிப்போம், எடுத்துப் போவோம். ஆடுகள் அதில் வந்து முதுகைத் தேய்த்தன. என் சத்தத்தைப் பற்றி இனி யாருக்கும் கவலையில்லை. பொங்கல் கெடு வந்து போனது. நெட்டச்சி உறை மடித்துக்கொண்டிருந்தாள்.

குடியரசு தினத்துக்கு முந்தின நாள் அப்பா கடப்பாரையோடு வந்து ஸ்டாண்டைப் பெயர்த்து எடுத்தார். காலின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பு மண் ஒட்டியிருந்தது. டவுனுக்குப் போகிற சாமான் என்று அதைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினார். டீச்சர் பார்த்தார், ஹெட்மாஸ்டர் பார்த்தார், நான் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கரிசலில் பிறந்தவர்களுக்குத் தரை என்றால் காலை உள்ளே வாங்கிக்கொள்வது. வாங்காத தரையும் உண்டு என்று புத்திக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது.

கோவில்பட்டி மைதானம் செஞ்சரள் போட்டு ரோலர் ஓட்டிய தரை. சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். டவுன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஷூவும் தொப்பியுமாக நின்றார்கள். அப்பா ஸ்டாண்டைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். "ணங்" என்று ஒரு சத்தம். டிரம்மை ஏற்றினார்கள். என் தோளுக்கு நேராக.

நான் ஸ்டாண்டைப் பிடித்து அழுத்தினேன். ஏறிக் குதித்தேன். சரளில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"என்னட்டி செய்யுதே? எறங்கு" என்றார் டீச்சர்.

"உசரம் டீச்சர். அங்கன மண்ணுக்குள்ள இருந்துச்சு டீச்சர்."

அவர் என்னையும் ஸ்டாண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் முட்டைக் கதை முழுதும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அப்பாவுக்கும் புரிந்தது. "கடப்பாரை ஒண்ணு கெடைச்சா..." என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஐயோ, இவிய மைதானத்தத் தோண்டவா? நம்மள வெளிய அனுப்பிருவாவ" என்று டீச்சர் தடுத்தார்.

நான் ஓடினேன். ஓடுகளத்தின் ஓரம் வெள்ளையடித்த செங்கல்கள் சாய்த்துப் பதித்திருந்தார்கள். ஒன்றைப் பிடுங்கப் போனேன், காவல்காரர் விரட்டினார். பந்தலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடைத்தது, தூக்கிக்கொண்டு வந்தேன். "சிறப்பு விருந்தினர் கீழ உக்காந்திருக்கும்போது நீ நாற்காலி மேல ஏறி நிப்பியா? மரியாத வேண்டாமா?" என்று டீச்சர் அதைப் பிடுங்கி வைத்தார். பெட்டி? பலகை? டவுன்காரர்கள் அந்த மைதானத்தை அவ்வளவு சுத்தமாகக் கூட்டி வைத்திருந்தார்கள். மைக்கில் பள்ளிகளின் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

டீச்சர் என் கையிலிருந்த குச்சியை வாங்கினார். கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வேற வழியில்லட்டி" என்று சொல்லிவிட்டு, "ஏ நெட்டச்சி, வா" என்றார்.

நான் அழவில்லை. அழுதேன் என்று உங்களில் சிலர் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். பொய். கை தொடையில் தானாக அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

நெட்டச்சி வந்தாள். குச்சியை வாங்கவில்லை.

"நான் அடிச்சா பூராப் பேரும் ஓடிருவாவ டீச்சர். டவுன் பிள்ளையளும் சேந்து ஓடும்."

"பெறவு என்ன செய்ய?"

"நான் சொமக்கேன். அவ அடிக்கட்டும்."

"பெல்ட்டு எங்கட்டி இருக்கு?"

அப்பா தலைப்பாகையை அவிழ்த்தார். தெருவில் யாரும் அவரை வெறுந்தலையோடு பார்த்திருக்க மாட்டார்கள். துணியை முறுக்கி டிரம்மின் இரண்டு கொக்கியிலும் கட்டி, அவள் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் முடிந்தார். இறக்கிக் கட்டினால் டிரம் ஊசலாடியது. இறுக்கிக் கட்டினால் ஆடவில்லை, ஆனால் அவள் நெஞ்சு உயரத்துக்குப் போனது. மறுபடியும் எனக்கு எட்டாத உயரம்.

"பொறு" என்றாள் நெட்டச்சி. கால்களை அகட்டி, முழங்காலை மடக்கினாள். டிரம் இறங்கியது. "போதுமா?"

"இன்னும்."

"இப்பம்?"

முழங்கையை மடக்கிப் பார்த்தேன். "போதும்."

பள்ளிக்கூடங்கள் வர ஆரம்பித்தன. தும், தும். ஒரு வரிசை போனால் இன்னொன்று. சத்தம் பந்தலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அத்தனை ஷூக்களும் என் கைக்கு விழுகின்றன என்ற நினைப்பே எனக்குத் தலைக்கேறியது. அப்போது டிரம்முக்கு மேலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குரல்.

"ஏட்டி, ஓடாத."

"நானா?"

"நீதான். ஓடுதே. என் வயித்துலதான அடி விழுது, எனக்குத் தெரியாதா? மெதுவா."

ஓடத்தான் செய்திருக்கிறேன். டவுன் பிள்ளைகளின் முதல் வரிசை கால் தடுமாறுவதைப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தினேன். பிறகு கடைசி வரைக்கும் அவள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சரி. சரி. இப்பம் சரி. ஏ, மறுபடியும் ஓடுதே." தாளம் தெரியாது என்று நாம் ஸ்டெப்னி ஆக்கியவள். அடிக்கும்போது ஓடியவளுக்குச் சுமக்கும்போது தெரிந்தது. அவள் முழங்கால் நடுங்குவது டிரம் வழியாக என் குச்சிக்கு வந்தது. வியர்வை மூக்கில் இறங்கித் தோலில் சொட்டியது. அவள் ஒரு விரற்கடைகூட நிமிரவில்லை.

முடிந்ததும் அவளால் காலை நீட்ட முடியவில்லை. அப்பாதான் கையைப் பிடித்துத் தூக்கினார். அவளை அடி முதல் முடிவரை பார்த்துவிட்டு, "தாயி, ஒனக்கு எந்தப் பட்டறைல அளவு குடுத்தாவ?" என்று கேட்டார். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஸ்டாண்டு சத்துணவுக் கூடத்துக்குத் தண்ணீர்ப் பானை வைக்கப் போனது. அப்பா கூட்டி வைத்த அந்த ஒரு சாணுக்கு நான் கடைசிவரை வளரவில்லை. அடுத்த இரண்டு வருடமும் நெட்டச்சி சுமந்தாள், நான் அடித்தேன். பத்தாம் வகுப்பு முடிந்ததும் நான் மேலே படிக்கப் போனேன். அவளை மில்லுக்கு அனுப்பினார்கள், பிறகு திருப்பூரில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கிடைத்தார், அவளைவிடக் குட்டை, நல்ல மனிதர்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன மாதம் நம் பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊரில் படித்து வேலைக்குப் போன பெண் என்று மேடையில் உட்கார வைத்து, சால்வை போட்டார்கள். எனக்கு அதில் பெருமைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். கீழே பேண்டு வந்து நின்றது. புது செட். பெரிய டிரம் பளபளவென்று இருந்தது, நல்ல அகலமான தோள் பெல்ட், பித்தளைக் கொக்கி. ஒரு பெண் அதை மாட்டியிருந்தாள். அடிக்கக் குச்சியோடு பக்கத்தில் இன்னொரு பெண்.

இருவரும் ஒரே உயரம். பெல்ட்டை மாட்டியவளே அடிக்கலாம். அப்படியே அடிக்காவிட்டாலும், நிமிர்ந்து நின்றால் டிரம் மற்றவளின் முழங்கைக்கு நேராகத்தான் வரும். விசில் ஊதியதும் சுமந்தவள் காலை அகட்டி, முழங்காலை மடக்கினாள். குச்சிக்காரி குனிந்து அடித்தாள்.

எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சுற்று முடிந்ததும் சால்வையோடு இறங்கிப் போனேன்.

"ஏன்ம்மா முழங்கால மடக்குதே?"

"பெரிய டிரம்முன்னா அப்படித்தான்க்கா நிக்கணும்."

"யாரு சொன்னா?"

"எங்களுக்கு முந்தின செட்டு அக்காமாரு."

புதிதாக வந்த பி.டி. சார் ஓடி வந்தார். "அது நம்ம ஸ்கூல் ஸ்டைல் மேடம். வேற எங்கயும் பாக்க முடியாது" என்றார் சந்தோஷமாக.

கட்டிடத்துக்குப் பின்னால் போய்த் திருப்பூருக்கு போன் போட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் எடுத்தாள். சொன்னேன். சிரித்தாள், இருமும் வரை சிரித்தாள்.

"போயி அந்தப் பிள்ளய மொதல்ல நிமிந்து நிக்கச் சொல்லுட்டி" என்றாள். "படுத்தா காலு கொடையும்."

திரும்பி ஓடினேன். அடுத்த சுற்றுக்கு விசில் வாயில் வைத்தாயிற்று. அந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்து, "நிமிந்து நில்லு" என்றேன். அவள் சாரைப் பார்த்தாள், குச்சிக்காரியைப் பார்த்தாள், கூச்சத்தோடு முழங்காலை நீட்டினாள். டிரம் மேலே வந்தது. குச்சிக்காரியும் முதுகை நிமிர்த்தினாள்.

அடித்தாள். தும் என்றுதான் வந்தது.